புல் சுமந்த படை

ஒரு காட்டில் இரண்டு படைகள் இருந்தன. ஒன்று நித்தியப் படை. மற்றது பௌர்ணமிப் படை.

நித்தியப் படை என்றால் காட்டெருமைகள். அவர்களுக்குக் காவலைத் தவிர வேறு பிழைப்பு கிடையாது. எல்லையை விட்டு மேயப் போகக்கூட அனுமதியில்லை. அவர்கள் தின்னும் புல்லை மற்ற மிருகங்கள்தான் சுமந்து வந்து நாவல் மரத்தடியில் குவித்து வைக்க வேண்டும்.

பௌர்ணமிப் படை என்றால் அந்த மற்ற மிருகங்கள். மாதம் பூராவும் கிழங்கு தோண்டுவதும் குட்டிகளை மேய்ப்பதுமாக இருந்துவிட்டு, பௌர்ணமியன்று காலையில் மட்டும் படையாகிவிடுவார்கள்.

அந்தப் படையில் பேச்சி என்று ஒரு காட்டுப்பன்றி இருந்தாள். அவளுக்கு மூக்கும் நீளம், நாக்கும் நீளம். முள்புதருக்குள் அவளுடைய குட்டிகள் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடந்து நாளெல்லாம் பசி பசி என்று கத்தும். அவளுக்கு எதற்கும் பொறுமை இல்லாமல் போனதில் ஆச்சரியம் ஒன்றுமில்லை.

காட்டின் ஒரு பக்கம் ஆறு ஓடியது. கரை நெடுக நெருக்கமான மூங்கில். ஆற்றிலிருந்து உள்ளே வர இரண்டே வழிதான். ஒன்று அகலமான பாறைத்துறை. மற்றது மூங்கிலுக்கு நடுவே குறுகலான ஒரு சந்து. சந்தைத் தாண்டினால் பேச்சியின் வீடும் மற்றவர்களின் வீடுகளும். ஆற்றுக்கு அந்தப் பக்கம் செந்நாய்கள். தண்ணீர் ஓடும் வரை கவலையில்லை. ஆனால் கோடையில் ஆறு வற்றும்.

பௌர்ணமி தோறும் நித்தியப் படையின் தளபதி திமிலன் சந்துக்கு வருவான். அப்படியொரு கம்பீரம் அவனுக்கு. அது அவனுக்கும் தெரியும், அதுதான் தொந்தரவு.

"வரிசை," என்பான்.

கடமான் கிளையன், முள்ளம்பன்றி ஊசியப்பன், பேச்சி எல்லோரும் தோளோடு தோள் இடித்துக்கொண்டு சந்தை அடைத்து நிற்பார்கள். மந்தி கருமுகன் மூங்கில் உச்சியில் உட்கார்ந்து தூரம் பார்ப்பான். பள்ளிக்கூடத்து அசெம்பிளி மாதிரி கொஞ்ச நேரம் நிற்பது. பனி உலர்வதற்குள் திமிலன் கொட்டாவி விடுவான்.

"போதும். புல்லைக் கொண்டுவந்து போட்டுட்டுக் கிளம்புங்க."

அவ்வளவுதான் பயிற்சி.

ஒரு பௌர்ணமியில் பேச்சி கேட்டாள்: "தளபதியாரே, நாய் வந்தா நிக்கணும், சரி. அது பாய்ஞ்சா என்ன செய்யணும்? அதைச் சொல்லியே தரலையே."

"பாய்ஞ்சா நாங்க இருக்கோம். மாசத்துல ஒரு காலைப்பொழுது வர்ற உங்களுக்கு அதெல்லாம் எதுக்கு?"

"அப்ப எங்களை எதுக்குக் கூப்பிடறீங்க, புல்லுக்கா?"

திமிலன் புல்லை அசைபோட்டான்.

உண்மையைச் சொன்னால், சீக்கிரம் விட்டதில் பேச்சிக்கும் சந்தோஷம்தான். கேட்க வேண்டியதைக் கேட்டாயிற்று என்ற திருப்தியோடு ஒரு வாய் புல்லைக் கவ்விப் போட்டுவிட்டுக் கிழங்கு தோண்ட ஓடிவிட்டாள். மற்றவர்களும் அப்படித்தான். கிளையனுக்குத் தன் கொம்பை நீரில் பார்த்துக்கொள்ள நேரம் வேண்டும். ஊசியப்பனோ எதற்கெடுத்தாலும் பயப்படுகிறவன். ஒரு தடவை சந்தில் உடும்பு ஊர்ந்ததைப் பார்த்து, "பகை வந்துடுச்சு, பகை வந்துடுச்சு," என்று முள்ளைச் சிலிர்த்துக்கொண்டு கத்தினான். பாறைத்துறையிலிருந்து நித்தியப் படை முழுவதும் புழுதி பறக்க ஓடி வந்தது. உடும்பைப் பார்த்தது. திரும்பிப் போனது.

அன்றிலிருந்து பௌர்ணமிப் படை என்றாலே காட்டெருமைகளுக்குச் சிரிப்பு. அடுத்த பௌர்ணமியில் பேச்சி காற்றை மோந்து, "நாய் வாடை வருது தளபதியாரே," என்றபோதும் திமிலன் சிரித்தான்.

"உடும்பு வாடையா இருக்கும். நல்லா மோந்து பாரு."

கோடை முற்றியது. ஆறு மணலானது.

ஒரு நாள் விடியற்காலையில் பாறைத்துறைப் பக்கம் செந்நாய்கள் சீழ்க்கை அடித்தன. திமிலன் தன் படை மொத்தத்தையும் திரட்டிக்கொண்டு துறைக்குக் கிளம்பினான். ஒற்றைக்கொம்பன் என்ற கிழட்டு எருமையை மட்டும் விட்டுப் போனான். சண்டையில் ஒரு கொம்பை இழந்த ஒற்றைக்கொம்பன் உத்தரவு என்றால் உத்தரவு என்று இருப்பவன்.

"நீ நாவல் மரத்தடியில புல்லுக்குக் காவல்," என்றான் திமிலன். "போன தடவை நாம இல்லாத நேரம் பார்த்து மான்கள் மேய்ஞ்சுட்டுப் போயிடுச்சு. புல்லை விட்டு நகரக் கூடாது."

"உத்தரவு," என்றான் ஒற்றைக்கொம்பன்.

பௌர்ணமிப் படையும் சந்துக்கு ஓடி வந்தது. அந்த ஓட்டத்தைக் குறை சொல்ல முடியாது. நொடியில் தோளோடு தோள் சேர்ந்து வரிசை நின்றது. எத்தனை பௌர்ணமி பழகியது.

மூங்கில் உச்சியிலிருந்து கருமுகன் சொன்னான்: "பேச்சியக்கா, துறையில நாலஞ்சு நாய்தான் குதிச்சு ஆட்டம் காட்டுது. மீதி அத்தனையும் இங்க நம்ம எதிர்ல, அக்கரை நாணலுக்குள்ள படுத்துக் கிடக்கு."

"படுத்துக் கிடக்கா? ஏன் பாயலை?"

"எதுக்கோ காத்திருக்கு."

பேச்சி மூக்கை உயர்த்தி மோந்தாள். காற்றில் நாய் வாடை வந்தது. புது வாடைக்கு அடியில் பழைய வாடையும் இருந்தது. ஒரே இடத்தில் பல தடவை வந்து படுத்துப் போன வாடை. பயிற்சி நாளெல்லாம் இவை அங்கே படுத்து நம்மைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கின்றன என்பது அவளுக்குப் புரிந்தது. அப்படியானால் எதற்குக் காத்திருக்கின்றன என்பதும் புரிந்தது.

"நாம எப்ப வீட்டுக்குப் போவோம்னு அதுகளுக்குத் தெரியும்," என்றாள். "புல் சுமக்க ஆரம்பிச்சா சந்து காலின்னு தெரியும். அதுக்குத்தான் படுத்திருக்கு. கருமுகா, ஓடிப்போய்த் தளபதிகிட்டச் சொல்லு."

கருமுகன் கிளைக்குக் கிளை தாவிப் போனான். போன வேகத்தில் திரும்பி வந்தான்.

"தளபதி சிரிக்கிறார் அக்கா. எத்தனை உடும்புன்னு கேட்டார்."

ஊசியப்பன் தலையைத் தாழ்த்திக்கொண்டான்.

"குட்டிகளைக் கூட்டிட்டு மலைப்பக்கம் போயிடலாமா?" என்றான் கிளையன்.

"மலை ஏற அதுகளுக்குக் கால் வலு இன்னும் வரலை. அதுகளை எந்த மலைக்குக் கூட்டிட்டுப் போறது?" என்றாள் பேச்சி. "நமக்கு நிக்கத் தெரியும். அதுக்கு மேல ஒண்ணும் தெரியாது. தெரிஞ்ச ஆள் ஒருத்தர் பின்னால வேணும்."

அவள் நாவல் மரத்தடிக்கு ஓடினாள்.

"அண்ணே, சந்துக்கு வாங்க. நாய்கள் அங்கதான் வரப்போகுது."

"எனக்குப் புல்லுக்குக் காவல். உத்தரவு."

"புல்லை நாயா திங்கும்?"

"அது எனக்குத் தெரியாது. உத்தரவு புல்லுக்கு."

பேச்சியின் வாயில் நல்ல நல்ல வார்த்தைகளாக வந்தன. அத்தனையும் விழுங்கினாள். புல்லைப் பார்த்தாள், சந்தைப் பார்த்தாள்.

"ஏன் அண்ணே, புல்லு வேற இடத்துக்குப் போனா?"

ஒற்றைக்கொம்பன் அசைபோடுவதை நிறுத்தினான். கொஞ்சம் யோசித்தான்.

"புல்லு எங்கயோ, நான் அங்க," என்றான்.

பனி உலரும் நேரம் வந்தது. பௌர்ணமிப் படை வழக்கம்போல் வரிசையைக் கலைத்தது. வழக்கம்போல் முணுமுணுத்தது. "நிக்க வச்சது போதாதுன்னு புல்லு வேற," என்று பேச்சி ஊருக்கே கேட்கும்படி சலித்துக்கொண்டாள். கிளையன் கொம்பில் புல், பேச்சி வாயில் புல், ஊசியப்பன் முதுகு முள்ளெல்லாம் புல். எப்போதும் மரத்தடிக்குப் போகும் புல், அன்று மரத்தடியிலிருந்து மூங்கிலுக்குப் பின்னால் போனது. எந்தப் பக்கம் போகிறது என்று நாய்கள் பார்க்கவில்லை. அவற்றுக்குப் புல் சுமப்பதைப் பார்த்ததே போதுமாக இருந்தது.

பேச்சியின் முள்புதருக்கு முன்னால் புல் குவிந்தது. அதன் பின்னாலேயே நடந்து வந்த ஒற்றைக்கொம்பன் பக்கத்தில் நின்றுகொண்டான். மற்றவர்கள் புதர்களைச் சுற்றிக்கொண்டு சத்தமில்லாமல் சந்துக்குத் திரும்பினார்கள். மூங்கில் நிழலுக்குள் ஒடுங்கி நின்றார்கள்.

செந்நாய்கள் ஆளில்லாத வீட்டுக்குள் நுழைவதுபோல் சாவகாசமாக வந்தன. முதல் நாயின் மூக்கில் ஊசியப்பனின் முள் ஏறியது. இரண்டாவதைப் பேச்சி முட்டித் தூக்கிப் போட்டாள். கிளையன் கொம்பைத் தாழ்த்திக் குத்தினான். நாய்கள் ஊளையிட்டுத் திரும்பி மணலில் ஓடின.

"ஓடுதுடா," என்று கிளையன் பின்னாலேயே பாய்ந்தான்.

"துரத்தாதே," என்று பின்னாலிருந்து ஒற்றைக்கொம்பன் கத்தினான். "ஓடற மாதிரி காட்டும். வரிசையை உடைக்காதே."

எந்தப் பௌர்ணமியிலும் இதை யாரும் சொல்லித் தந்ததில்லை. கிளையன் போய்விட்டான். அவன் நின்ற இடம் காலியாக இருந்தது. அந்த இடைவெளியில் ஒரு நாய் புகுந்து பேச்சியைத் தாண்டி உள்ளே ஓடியது. முள்புதரில் ஒரு குட்டி வீறிட்டது.

பேச்சி பாதி திரும்பிவிட்டாள்.

"நில்லு பேச்சி. நீ திரும்பினா மொத்தமும் உள்ள வரும்."

"என் குட்டிங்க அங்க இருக்கு."

"நானும் இங்கதான் இருக்கேன். நீ முன்னாடி பாரு."

காட்டெருமைகள் காவல் நிற்கும்போது அவர்கள் முதுகுக்குப் பின்னால் காடுதான் இருக்கும். பேச்சியின் முதுகுக்குப் பின்னால் அவள் வீடு இருந்தது. அப்படியும் அவள் முன்னால் பார்த்தாள். பின்னால் பாறை உருண்டது போல் ஒரு சத்தம் கேட்டது. அதன்பிறகு வீறிடல் நின்றுபோனது. நின்றது நாயாலா, எருமையாலா என்று அவளுக்குத் தெரியவில்லை. திரும்பிப் பார்க்கவும் முடியாது.

ஓடிய நாய்கள் ஒற்றைக்கொம்பன் சொன்னது போலவே திரும்பி வந்தன.

"நெருங்கி நில்லுங்க," என்று அவன் குரல் வந்தது. "கிளையன் இடத்தை அடை. நாயோட முகத்தைப் பாரு. முதுகைக் காட்டினா நம்பாதே. ஊசியப்பா, நீ திரும்பி நில்லு. உன் பலம் பின்னால இருக்கு."

ஆக, பாதியில் விட்ட பாடத்தைச் சண்டை நடுவில் படித்தார்கள். வெயில் ஏற ஏற நாய்களுக்கு நாக்குத் தள்ளியது. கடைசியில் ஒரு சீழ்க்கை கேட்டது. அவை ஆற்றைக் கடந்து போயின. இந்த முறை யாரும் துரத்தவில்லை.

அப்போதுதான் பேச்சி திரும்பிப் பார்த்தாள்.

புகுந்த நாய் நசுங்கிக் கிடந்தது. குட்டிகள் எல்லாம் இருந்தன. கடைக்குட்டிக்கு மட்டும் ஒரு காது பாதி இல்லை. அது அழுதுகொண்டே படையின் புல்லைத் தின்றுகொண்டிருந்தது.

"இது என் புல்லைத் திங்குது," என்றான் ஒற்றைக்கொம்பன். "உத்தரவுப்படி பார்த்தா தப்பு."

"சின்ன வாய்தானே அண்ணே," என்றாள் பேச்சி. குனிந்து அந்தக் காதை நக்கிக் கொடுத்தாள்.

கிளையன் நொண்டிக்கொண்டு வந்தான். ஒரு கொம்பு ஒடிந்திருந்தது. பேச்சி அவனைப் பார்த்தாள், பிறகு கடைக்குட்டியின் காதைப் பார்த்தாள். அதுவே அவனுக்குப் பெரிய தண்டனையாக இருந்தது.

உச்சிப் பொழுதில் திமிலன் படையோடு வந்தான். சந்து மணலில் கிடந்த முள்ளையும் ரத்தத்தையும் கால்தடங்களையும் பார்த்தான்.

"இத்தனை நாயா?"

"உடும்பு ஒண்ணும் இல்லை தளபதியாரே," என்றாள் பேச்சி.

திமிலன் ஒற்றைக்கொம்பனிடம் திரும்பினான். "உன்னை எங்க நிக்கச் சொன்னேன்?"

"புல்லுக்குப் பக்கத்துல. நிக்கறேன்."

திமிலன் புல்லையும் முள்புதரையும் மாறி மாறிப் பார்த்தான். பிறகு தாழ்ந்த குரலில் கேட்டான்: "இவங்க நின்னாங்களா?"

"நம்ம ஆள் மாதிரியே நின்னாங்க. நிக்க மட்டும்தான் தெரிஞ்சிருந்தது. மீதியை நான் முதுகுக்குப் பின்னாலேருந்து கத்த வேண்டியதாப் போச்சு. முன்னாடியே சொல்லியிருந்தா அந்தக் கொம்பு மிஞ்சியிருக்கும்."

"நாங்களும் கேட்டு நின்னிருக்கணும்," என்றாள் பேச்சி. "கேட்டேன். ஆனா பதிலுக்கு நிக்கலை. கிழங்கைத் தேடிப் போயிட்டேன்."

அடுத்த பௌர்ணமி வந்தது. வரிசை நின்றது. பனி உலர்ந்தது. எல்லோரும் பழக்கத்தில் ஒரு காலை எடுத்து வைத்தார்கள்.

"இருங்க," என்றான் திமிலன். "இன்னிக்கு மிச்சப் பாதி. நான்தான் நாய். நான் ஓடுவேன். யாரும் துரத்தக் கூடாது."

தளபதி வாலைச் சுருட்டிக்கொண்டு மணலில் ஓடிக் காட்டினான். யாரும் சிரிக்கவில்லை. கிளையன் கால்களை மண்ணில் ஊன்றிக்கொண்டு அசையாமல் நின்றான்.

வெயில் ஏறியது. பேச்சிக்குத் தோண்ட வேண்டிய கிழங்கு கிடந்தது, குட்டிகள் பசி என்று கத்துவதும் கேட்டது.

"இன்னும் எவ்வளவு நேரம் தளபதியாரே?"

"தெரியற வரைக்கும்."

பேச்சி பெருமூச்சு விட்டாள். நகராமல் நின்றாள். அன்று புல்லைக் காட்டெருமைகளும் கூடவே சுமந்தார்கள். பாதியை வழியிலேயே தின்றுவிட்டார்கள் என்பது வேறு விஷயம்.

நீதி: எந்நாளும் காவல் நிற்பவருக்கும் என்றோ ஒருநாள் வந்து நிற்பவருக்கும் பகை ஒன்றுதான்; கற்றவர் பாதியில் நிறுத்திய பாடத்தை மற்றவரும் பாதியோடு விட்டுப்போனால், அந்த மீதிப் பாதி வழியாகவே பகை நுழையும்.