ஐந்தாவது புழு

வெள்ளந்திக்குறிச்சியில் அரசாங்க உத்தரவுக்கு இருந்த மதிப்பு, அம்பாளின் அருள்வாக்குக்கு ஒரு படிதான் குறைவு. உத்தரவை அவ்வூரார் கண்ணில் ஒற்றிக்கொள்வார்கள். அதன் உட்பொருளைத் துருவி அதற்குத் தொந்தரவு கொடுக்கமாட்டார்கள்.

அவ்வூர் ஆவுடையப்பன் நூறு கத்தரிச் செடிகள் வைத்திருந்தார். ஐப்பசித் திருக்கல்யாண விருந்துக்கு முதல் காய்ப்பு முழுவதையும் அம்பாளின் மடைப்பள்ளிக்கே தருவதாக நேர்ந்திருந்தார். செடிகள் பிஞ்சு விட்டிருந்தன. திருக்கல்யாணத்துக்குப் பன்னிரண்டு நாட்களே இருந்தன.

அப்போதுதான் வேளாண்மை அலுவலர் மரகதவல்லி வந்து, அரசின் புதிய பூச்சி மேலாண்மைக் கொள்கையை விளக்கினார். "புழுவைக் கண்டதும் மருந்து தெளிக்காதீர்கள். முதலில் எண்ணிப் பாருங்கள். நூறு செடிக்கு ஐந்து புழுவுக்குக் கீழே இருந்தால் நீங்கள் ஒன்றும் செய்ய வேண்டாம். குளவி போன்ற நன்மை செய்யும் பூச்சிகளே கவனித்துக்கொள்ளும். அவற்றை மட்டும் விரட்டாதீர்கள்."

ஆவுடையப்பன் எண்ணிப் பார்த்தார். நான்கு புழுக்கள் இருந்தன. நிம்மதியோடு மண்வெட்டியை எடுத்துக்கொண்டு தண்ணீர் பாய்ச்சப் புறப்பட்டார். ஊர் விவசாயக் குழுத் தலைவர் சிதம்பரதாணு வழிமறித்தார்.

"எங்க அண்ணாச்சி கிளம்பிட்டீரு?"

"செடிக்குத் தண்ணி விட."

"புழு எத்தனை?"

"நாலு."

"நாலுன்னா ஒண்ணும் செய்யக்கூடாதுல்லா? தண்ணி விடுதது ஒண்ணும் செய்யாததுல சேருமாவே?"

ஆவுடையப்பன் நெடுநேரம் யோசித்து, "சேராதுதான்" என்று ஒப்புக்கொண்டு, மண்வெட்டியை இறக்கி வைத்தார்.

மழையும் இல்லை. ஏழாம் நாள் செடிகள் தலை கவிழ்ந்தன. ஆவுடையப்பனுக்குச் சோறு இறங்கவில்லை. அம்பாளுக்குக் கொடுத்த வாக்கு கண்முன் காய்ந்துகொண்டிருந்தது.

குழு கூடியது. "இன்னும் ஒரே ஒரு புழு கிடைச்சாப் போதும். அதுக்கப்புறம் என்ன வேணும்னாலும் செய்யலாம்" என்றார் சிதம்பரதாணு.

அடுத்த தோட்டத்துப் பூதலிங்கம் தம் வெண்டைச் செடியிலிருந்து ஒரு புழுவை வெற்றிலையில் ஏந்திக் கொண்டுவந்தார்.

"வெண்டைப் புழு கத்தரிக் கணக்குல வருமா?" என்று ஒருவர் சந்தேகம் கிளப்பினார்.

"கட்டிக்கொடுத்த பொண்ணு புகுந்த வீட்டுக் கணக்குல வரலியா?" என்றார் பூதலிங்கம். சபை அதை ஏற்றது.

புழுவை மரியாதையோடு ஒரு செடியில் இறக்கினார்கள். ஆவுடையப்பன் மண்வெட்டிக்குக் கை நீட்டும் முன்னே ஒரு குளவி வந்து புழுவைத் தூக்கிற்று.

"விரட்டுங்கவே!" என்று அலறினார் ஆவுடையப்பன்.

"கையை எடும்! அது நன்மை செய்யும் பூச்சி" என்றார் சிதம்பரதாணு.

எல்லாரும் கைகட்டி நின்று குளவிக்கு வழிவிட்டார்கள். பூதலிங்கம் மறுபடி இரண்டு புழுக்கள் கொண்டுவந்தார். குளவி மறுபடி இரண்டு முறை வந்தது.

ஒன்பதாம் நாள் ஆவுடையப்பன் அம்பாள் சந்நிதியில் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார். "தாயே, என்னால் ஒன்றும் செய்ய இயலாது. நீயே பார்த்தருள வேண்டும்" என்று கண்ணீர் விட்டார். அவர் எழுமுன்னே இடி இடித்தது. மழை கொட்டியது.

ஆனந்தக் கூத்தாடியபடி தோட்டத்துக்கு ஓடினார். அங்கே சிதம்பரதாணு முகம் வெளுத்து நின்றார்.

"நாலு புழுவுக்கு மழை பெய்யுதே அண்ணாச்சி! மேலிடத்துக்குத் தெரிஞ்சா என்ன ஆகும்?"

"மழை அம்பாள் செய்தது. நான் ஒண்ணும் செய்யலியே!"

"நீரு வேண்டிக்கிட்டீரா இல்லியா?"

ஆவுடையப்பன் பொய் சொல்லி அறியாதவர். தலை குனிந்தார்.

ஊரே திரண்டது. ஐம்பது பேர் கைக்கு ஒன்றாக நூறு குடைகளை விரித்து, நூறு செடிகளின் மேலும் பிடித்தார்கள். குடைகளிலிருந்து வழிந்த நீரெல்லாம் நேரே வேருக்குப் பாய்ந்தது. அதை எவரும் கவனிக்கவில்லை. எல்லாரும் மேலே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அந்நேரம் வந்து சேர்ந்த மரகதவல்லி அம்மாள், நடந்ததைக் கேட்டுத் தலையில் கைவைத்தார். "போதும் சாமி! இனி எதையும் செய்து தொலைக்காதீர்கள். நான் மேலதிகாரியை அழைத்துக்கொண்டு வரும்வரை அப்படியே நில்லுங்கள்!" என்று கூவிவிட்டுப் போனார். போனவர், ஓடைப் பாலத்தின்மேல் வெள்ளம் போனதால் மூன்று நாள் திரும்பவில்லை.

மழை நின்றது, வெயில் வந்தது. ஐம்பது பேரும் அப்படியே நின்றார்கள். செடிகள் நிமிர்ந்தன, காய்கள் திரண்டன. திருக்கல்யாணத்தன்று மடைப்பள்ளிப் பரிசாரகர் கூடையோடு தோட்டத்துக்கே வந்து, அவர்களின் கால்களுக்கிடையே குனிந்து காய் பறித்தார்.

"அந்தப் பக்கம் நாலு இளசா இருக்கு, விட்டுராதீரும்" என்று குடையை அசைக்காமல் சொன்னார் ஆவுடையப்பன். நேர்ச்சை நிறைவேறியதில் அவர் கண்கள் கலங்கின. துடைக்கத்தான் கை இல்லை.

மாலையில் விருந்தும் தோட்டத்துக்கே வந்தது. கத்தரிக்காய்க் கூட்டு கமகமவென்று மணத்தது. பரிசாரகர் இலையை நீட்டினார். ஆவுடையப்பன் இலையைப் பார்த்தார். தம் வலக்கைக் குடையைப் பார்த்தார். இடக்கைக் குடையைப் பார்த்தார். குடைக்கு இரண்டு, இலைக்கு ஒன்று, உண்ண ஒன்று என்று மனத்துக்குள் கூட்டினார். அவருக்கு மெய் சிலிர்த்தது.

"சிதம்பரதாணு! அம்பாளுக்கு எதுக்கு நாலு கைன்னு இப்பல்லா விளங்குது!"