பன்றி கடிக்காத பிஸ்கட்

ஒரு மலைக்காட்டில், அருவிக்கு மேலே இருந்த குகையில் ஒரு கரடி வாழ்ந்து வந்தது. பிஸ்கட் சுடுவதில் அதை மிஞ்ச அந்த மலையில் ஆள் இல்லை. தினை மாவில் தேனை விட்டுப் பிசையும். வட்டமாகத் தட்டும். பெரிய மண்சட்டிக்குள் மணலைப் பரப்பி, அதன்மேல் ஓடு வைத்து, ஓட்டில் அடுக்கி மூடிவிடும். கீழேயும் தணல், மேலேயும் தணல்.

வெயில் சாயும் நேரத்தில் நண்பர்கள் வருவார்கள். முயல் வரும். மைனா வரும். வயதான காட்டுப்பன்றியும் வரும். கரடி எல்லோருக்கும் சுக்குத் தட்டிப் போட்ட தேநீரை ஊற்றிக் கொடுக்கும். பிறகு காதைத் தீட்டிக்கொண்டு உட்காரும்.

முயல் கடிக்கும். ‘மொறுக்!’ மைனா கொத்தும். ‘டக்!’ தணலில் வெந்த கரடிக்கு அந்தச் சத்தம்தான் கூலி.

பன்றி மட்டும் கடிக்காது. பிஸ்கட்டைத் தேநீரில் போட்டுவிட்டு, அது கூழாகும்வரை காத்திருக்கும். பிறகு சத்தமில்லாமல் விழுங்கிவிடும்.

“என்ன பன்றியண்ணே, என் பிஸ்கட் கல்லா?” என்று ஒருநாள் எல்லோர் முன்பும் கேட்டது கரடி.

“சேச்சே! இப்படித் தின்றால்தான் தம்பி எனக்கு இறங்கும்” என்றது பன்றி.

கரடி சிரித்தது. ஆனால் மறக்கவில்லை. தேனீ கொட்டினால்கூட வீக்கம் வற்றிவிடும். இது வற்றவில்லை. மறுநாள் இன்னும் மொறுமொறுப்பாகச் சுட்டது. பன்றி இன்னும் அதிக நேரம் ஊறவைத்தது.

மைனா கரடியின் தோளில் வந்து உட்கார்ந்தது. “நீங்கள் புகையில் கண்ணைக் கெடுத்துக்கொண்டு சுடுகிறீர்கள். அவருக்கு எல்லாம் கழனித்தண்ணீர்தான்!” என்று காதில் ஓதியது.

அடுத்த முறை கரடி பன்றிக்கு மட்டும் தேநீர் ஊற்றவில்லை. இலையில் ஒரு பிஸ்கட்டை வைத்து அதன் முன் தள்ளியது.

“எனக்குத் தேநீர் இல்லையா தம்பி?”

“உண்டு. முதலில் இதைக் கடியுங்கள். சத்தம் கேட்கட்டும்!”

“இன்று பசியில்லை…”

“கொம்பு மாதிரி இரண்டு பல்லை நீட்டிக்கொண்டு திரிகிறீர்கள். ஒரு பிஸ்கட்டைக் கடிக்க முடியாதா? என் கைப் பண்டம் அவ்வளவு இளப்பமா?”

பன்றி ஒவ்வொரு முகமாகப் பார்த்தது. பிஸ்கட்டை எடுத்து வாயில் போட்டது. இந்தக் கன்னத்திலிருந்து அந்தக் கன்னத்துக்கு உருட்டியது. சத்தமே வரவில்லை. கடைசியில் வாயைத் திறந்து அதை அப்படியே எடுத்து இலையில் வைத்தது.

“அட! அண்ணனுக்கு வாய்க்குள்ளே ஒரு பல்லும் இல்லை! வெளியே தெரிகிற இரண்டும் ஆடுகின்றன!” என்று கத்தியது மைனா.

பன்றி எழுந்தது. சரிவில் இறங்கிப் போனது.

கரடி கூப்பிடவில்லை. ‘முன்னாலேயே சொல்லியிருக்கலாமே! தப்பு அவர் மேல். தானாகத் திரும்பி வரட்டும்’ என்று இருந்துவிட்டது. மைனாவோ மரத்துக்கு மரம் தாவி, கேட்டவர்களுக்கும் கேட்காதவர்களுக்கும் செய்தி சொன்னது.

மறுநாள் காலை முயல் மூச்சிரைக்க ஓடி வந்தது.

“கரடி மாமா! செந்நாய்கள் பன்றித் தாத்தாவை வளைத்துக்கொண்டன! இத்தனை காலம் அந்தப் பல்லுக்குப் பயந்துதான் அவை ஒதுங்கி இருந்தன!”

கரடிக்கு அப்போதுதான் உறைத்தது. விழுந்தடித்து ஓடியது.

மூங்கில் புதருக்குள் பன்றி முதுகைப் பாறையில் கொடுத்து நின்றது. அதன் விலாவில் ரத்தம். கரடி உறுமிக்கொண்டு நடுவில் பாய்ந்தது. அதன் காது கிழிந்தது. ஆனாலும் விடவில்லை. செந்நாய்கள் பின்வாங்கின.

அவற்றின் தலைவன் நாக்கைத் தொங்கப்போட்டுக்கொண்டு சொன்னது: “இன்று வந்தாய். நாளையும் வருவாயா? அதற்கு மறுநாள்? எங்களுக்கு அவசரமில்லை.”

அவை போனபின் கரடி பன்றியின் அருகில் உட்கார்ந்தது.

“எனக்குத் தெரியாதண்ணே. ஒரு வார்த்தை சொல்லியிருந்தால்…”

“தனியாகக் கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். நீ நாலு பேர் நடுவில் அல்லவா கேட்டாய்?”

“என் குகைக்கே வந்துவிடுங்கள். நான் காவல் இருக்கிறேன்.”

“தூங்காமல் எத்தனை காலம் இருப்பாய்? எனக்கு உன் மேல் கோபமில்லை தம்பி. ஆனால் இந்தக் காட்டுக்கு என் கதை தெரிந்துவிட்டது. ஆற்றுக்கு அப்பால் என்னை யாருக்கும் தெரியாது.”

பன்றி நொண்டிக்கொண்டே ஆற்றில் இறங்கியது. தண்ணீர் அதன் கழுத்தளவு ஏறி, பிறகு இறங்கியது. அக்கரை ஏறிய பன்றி புல்லுக்குள் மறைந்தது. அது திரும்பிப் பார்க்கும் என்று கரடி கரையிலேயே நின்றது. அது பார்க்கவில்லை.

நண்பனிடம் குறை கண்டால் தனியே கேட்டுத் தெளிய வேண்டும். மனத்தில் வைத்திருந்து நாலு பேர் நடுவில் தீர்த்துக்கொள்பவன் நண்பனையே இழப்பான்.