நாய் ஏன் கை கொடுக்கிறது

நீ செய்தது அக்கிரமம். உன் நாய் மூன்று நாளாகச் சோறு தொடவில்லை என்று மாடிவீட்டுக்காரரிடம் கேட்டாய், பூங்காவில் நாயோடு நடக்கிறவர்களிடம் கேட்டாய், கைப்பேசிக் குழுவில் முகம் தெரியாத நாற்பது பேரிடம் கேட்டாய். தயிர் கொடு என்றான் ஒருவன், கொடுத்தாய். தயிரே ஆகாது என்றாள் ஒருத்தி, நிறுத்தினாய். நாய் படுத்திருந்த பக்கம் ஒரு தடவை திரும்பினாயா? உன்னைத் திட்ட எனக்கு யோக்கியதை இல்லை. நானும் அதே காரியத்தைச் செய்து தலைகுனிந்தவன்தான். இருந்தாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. இந்த வெட்கக்கேடு எங்கே தொடங்கியது என்று கேள்.

வாயுள்ள உயிர் அத்தனையும் மனிதனோடு வார்த்தை பேசிய அந்தக் காலத்தில், மலையடிவாரத்து ஊரொன்றில் தொப்பளான் என்று ஓர் ஆட்டு வியாபாரி இருந்தான். யாரும் கைதூக்கிவிட்டு வந்தவனல்ல. ஏமாந்து ஏமாந்தே தொழில் படித்தவன். கோபம் எப்போதும் மூக்கு நுனியில் நிற்கும். அவனுக்குத் துணை செவலை என்ற நாய். ஆடுகளை ஓட்டுவது, வழியில் ஓநாயை விரட்டுவது, பொழுது சாய்ந்ததும் அவன் காலடியில் படுத்துக் கதை பேசுவது எல்லாம் அதுதான். அவனை "அண்ணே" என்று கூப்பிடும்.

சந்தையில் எவனும் முதல் வார்த்தையில் உண்மை சொல்ல மாட்டான் என்பது தொப்பளான் அடிபட்டுக் கண்ட பாடம். பல்லுப்போன கிடாயை இளசு என்பான் ஒருவன். சினையே பிடிக்காத ஆட்டை மூன்று மாதச் சினை என்பான் இன்னொருவன். அதனால் யார் எதைச் சொன்னாலும் தொப்பளான் பாதியைக் கழித்துவிட்டுத்தான் காதில் வாங்குவான்.

ஒரு நாள் காலையில் செவலை சொன்னது: "அண்ணே, முன்னங்கால் கொஞ்சம் வலிக்குது."

செவலைக்குப் பேரம் தெரியாது. உயிர் போகிற வலியை, அண்ணன் பதறுவானே என்று அதுவே குறைத்துச் சொன்னது. தொப்பளான் அந்தக் கொஞ்சத்திலும் பாதியைக் கழித்தான். ஒன்றும் மிஞ்சவில்லை.

"கால் வலிக்குதா, சந்தைக்கு வர வலிக்குதா?"

"கால்தான் அண்ணே."

"நட. நடந்தா சரியாப் போயிரும்."

மூன்றாம் நாள் செவலையால் காலைத் தரையில் ஊன்ற முடியவில்லை. சோற்றையும் முகர்ந்துவிட்டுத் திரும்பிக்கொண்டது. அப்போதுதான் தொப்பளானுக்கு உறைத்தது. ஆடு போனால் வேறு ஆடு வாங்கலாம். செவலை போனால் அவனை அண்ணே என்று கூப்பிட உலகத்தில் யாரும் இல்லை. தோளில் தூக்கிப் போட்டுக்கொண்டு மந்தைக்கு ஓடினான். நாய் வளர்க்கிறவர்கள் கூடுகிற இடம் அது. அங்கே இரண்டு பேர் இருந்தார்கள்: ஆட்டுக்கிடைக்குக் காவலாக நாலு நாய் வைத்திருந்த வெள்ளச்சி, வேட்டைநாய் வளர்த்த சடையாண்டி.

"என் கருப்பனுக்கும் இப்படித்தான் தம்பி," என்றாள் வெள்ளச்சி. "வயித்துப்பூச்சி. வேப்பங்கொழுந்தை அரைச்சு ஊத்து."

"கால் வலிக்கும் பூச்சிக்கும் என்ன சம்பந்தம் அத்தாச்சி?" என்றான் சடையாண்டி.

"பூச்சி காலுக்கு இறங்கும்டா. உன் நாய் செத்ததே அதிலதான்."

"என் நாய் பன்னி குத்திச் செத்துச்சு!"

"பூச்சி இல்லாத நாயா இருந்தா ஓடித் தப்பிச்சிருக்கும்."

செவலை மெல்லத் தலைதூக்கியது. "அண்ணே, நான் சொல்றேன், உள்ளங்கால்ல..."

"சும்மா இரு. விவரம் தெரிஞ்சவங்க பேசிக்கிட்டு இருக்காங்கல்ல?"

சடையாண்டி குந்தி உட்கார்ந்தான். "இது நரம்புப் பிடிப்பு. முன்னந்தொடையில சூடு போடணும். இரும்பைக் காய்ச்சி மூணு இழுப்பு."

"மூணா? ஒண்ணு போதும்," என்றான் தொப்பளான்.

"சூட்டுக்கும் பேரமாடா? சரி, ரெண்டு."

"ஒண்ணுதான்."

"போய்த்தொலை, ஒண்ணு."

நாய்க்கு இரண்டு சூட்டை மிச்சப்படுத்திக் கொடுத்துவிட்டோம் என்று தொப்பளானுக்கு உள்ளுக்குள் பெருமை. இதை எழுதும்போது எனக்கே கை கூசுகிறது.

இரும்பு சிவந்து வந்தது. செவலை அலறியது. "அண்ணே, தொடையில ஒண்ணுமில்ல! காலடியைப் பாரு, காலடியில..."

"கத்தினா என் கை நடுங்கும். வாயைக் கட்டு," என்றான் சடையாண்டி.

தொப்பளான் கட்டினான். வேறு யாரும் கட்டவில்லை. அவனே கயிற்றைச் சுற்றி, அவனே முடிச்சை இறுக்கினான். செவலை சொல்ல வந்தது பாதியில் நின்றது. கண் மட்டும் அவனையே பார்த்துக்கொண்டிருந்தது. இரும்பு தொடையில் இறங்கியது.

கட்டை அவிழ்த்த பிறகு செவலை பேசவில்லை. கோபம் தணிந்தால் பேசும் என்று நினைத்தான். ஒரு நாள் போனது. இரண்டு நாள் போனது.

சந்தை நாளில் அவன் கூப்பிடாமலே மூன்று காலால் தத்தித் தத்திப் பின்னால் வந்தது. அங்கே ஒரு கிடாய்க்குப் பேரம் நடந்தது. ஆட்டுச்சந்தையில் விலையை வாயால் சொல்ல மாட்டார்கள். இரண்டு பேர் கைமேல் ஒரு துண்டைப் போட்டு மூடி, உள்ளே விரலைப் பிடித்துப் பேசிக்கொள்வார்கள். வாய் பொய் சொல்லும், விரல் சொல்லாது என்று வியாபாரிகளுக்கு ஒரு நம்பிக்கை. வாங்க வந்தவன் கையை எடுத்துவிட்டு யோசிக்க நின்ற நேரம், துண்டுக்குள் வேறொன்று நுழைந்து தொப்பளானின் உள்ளங்கையில் அமர்ந்தது.

"என்னய்யா விலை இது?" என்று சிடுசிடுத்தான்.

"நான்தான் கையை எடுத்துட்டேனே," என்றான் வாங்க வந்தவன்.

தொப்பளான் துண்டுக்குள் தடவினான். மெத்தென்ற சதை. கொதிக்கிற சூடு. நடுவில் கல் மாதிரி ஒரு முனை. துண்டை விலக்கினான். செவலையின் முன்னங்கால். அடியில் அரை விரல் நீளத்துக்கு ஓர் உடைமரத்து முள் முறிந்து புதைந்து, சுற்றிலும் சீழ் கட்டியிருந்தது.

சந்தையே பார்க்க, அவன் குனிந்து பல்லால் கடித்து முள்ளை இழுத்தான். சீழை வாயால் உறிஞ்சித் துப்பினான். பிறகு அதன் முகத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான்.

"செவலை, பேசுடா. திட்டு. நாலு வார்த்தை திட்டு."

செவலை வாயைத் திறந்தது. ஒன்றும் வரவில்லை.

"நாலு வேண்டாம், ஒண்ணு. அண்ணேன்னு ஒண்ணே ஒண்ணு."

மூச்சு மட்டும் வந்தது. பிறகு அவன் கன்னத்தை நக்கியது. அவன் கேட்கக்கூடத் துணியாத மன்னிப்பை அது பேரம் பேசாமல் கொடுத்துவிட்டது. அதுதான் அவனை உயிரோடு கொன்றது. இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்த ஆடும் மாடும் கழுதையும், இந்த மனிதர்களிடம் சொல்லி என்ன ஆகப்போகிறது என்று வாயை மூடிக்கொண்டன. கால் ஆறியது. குரல் திரும்பவில்லை.

அன்று முதல்தான் நாய் தன் வலியை வார்த்தையில் சொல்வதில்லை. முன்னங்காலைத் தூக்கி மனிதன் கையில் வைக்கிறது. அதை நாம் "எங்க நாய் கை கொடுக்கும், பாருங்க" என்று விருந்தாளிக்குக் காட்டிச் சிரிக்கிறோம்.

போதும். யோசனை கேட்டதும் போதும், நான் புலம்பியதும் போதும். எழுந்து அதனிடம் போ. கீழே உட்கார். விரல் இடுக்கைப் பார், காதைப் பார், வயிற்றைத் தடவு. உன் கைக்குப் புரியாவிட்டால் இன்றைக்கே மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு ஓடு. பேசிக்கொண்டிருந்த ஓர் உயிரின் வாயைக் கட்டிய இனம் நாம். நீயாவது அதைச் சரிசெய்.