வாரண்டி செல்லுபடியாகும் ஊர்

தெற்குப் பனைவிளைக்காரர்களைப் பற்றி வெளியூர்களில் சொல்லும் கதைகளில் பாதி பொய். மீதிப் பாதி ‘நித்தியகல்யாணி வீடியோ’ கடையில் நடந்தவை.

அந்தக் கடைக்கு மூன்று கூட்டாளிகள். காமிரா பிடிப்பவர் திருமேனி அண்ணாச்சி. விளக்குப் பிடிப்பவன் இசக்கிப்பாண்டி. கம்ப்யூட்டரில் உட்கார்ந்து படத்தை வெட்டி ஒட்டுகிறவர் பூவலிங்கம். மூவரில் ஆங்கிலம் வாசிக்கத் தெரிந்தவர் அவர்தான். ஐம்பத்து மூன்று வயது. அவருக்கு மட்டும் அவ்வப்போது ஒரு சந்தேகம் வரும்: நாம் மடையர்களோ? மடையனுக்கு இந்தச் சந்தேகமே வராதே என்று அவரே பதிலும் சொல்லிக்கொள்வார். அதன் பிறகுதான் சோறு இறங்கும்.

ஒரு நாள் கம்ப்யூட்டருக்குள் இருந்த பழைய டிஸ்க், கோழி கொத்துவதுபோல டொக் டொக்கென்று சத்தம் போட ஆரம்பித்தது. அதற்குள்தான் பூவலிங்கத்தின் ஒரே மகள் செண்பகத்தின் கல்யாண வீடியோ இருந்தது. வேறு பிரதி கிடையாது. கல்யாணம் முடிந்து ஒன்பது மாதம். ஊரார் கல்யாணங்களையெல்லாம் முடித்துக் கொடுத்துவிட்டு, சொந்த மகள் கல்யாணம்தானே, எங்கே போய்விடும் என்று வைத்திருந்தார். சம்பந்தியம்மாள் உலகம்மாள் கோவில்பட்டியிலிருந்து வாரம் ஒருமுறை போன் போடுவாள். “படம் வருதா சம்பந்தி, இல்ல எம் மவனுக்குக் கல்யாணமே ஆகலைன்னு ஊருக்குள்ள சொல்லிக்கிடட்டுமா?”

கம்ப்யூட்டர் ரிப்பேர் பார்க்கும் ஞானதிரவியம் வந்து டிஸ்க்கில் காது வைத்துக் கேட்டார்.

“இன்னும் பத்து மணி நேரம் ஓடினாப் பெரிசு. புதுசா ஒரு எஸ்.எஸ்.டி. டிஸ்க் வாங்கி, எல்லாத்தையும் ஒரே மூச்சுல அதுக்கு மாத்திருங்க. அதுவரைக்கும் சும்மா சும்மா ஆன் பண்ணாதீங்க.”

“இங்க பதினாலாயிரம் சொல்லுதான். வெளிநாட்டுல தள்ளுபடி போட்டு ஏழரைக்குத் தாரான்” என்றார் திருமேனி.

“மலிவாத்தான் இருக்கும். ஆனா வாரண்டியைப் பாத்துக்கிடுங்க.”

மூவரும் தலையாட்டினார்கள். அவர் சொன்னதில் ஒரு சொல்லைக்கூட அவர்கள் மீறவில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

மூன்று வாரத்தில் சிங்கப்பூரிலிருந்து பார்சல் வந்தது. சோப்புக் கட்டி அளவில் ஒரு டப்பா. அதன் வாயைச் சேர்த்து ஒரு வெள்ளி ஸ்டிக்கர். கூடவே வாரண்டி அட்டை. பூவலிங்கம் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, வரி வரியாகத் தமிழில் சொன்னார்.

“அஞ்சு வருஷ வாரண்டி.”

“நல்ல மனுசன்” என்றார் திருமேனி.

“முத்திரை கிழிஞ்சா வாரண்டி கிடையாது.”

மூவரும் ஸ்டிக்கரைப் பார்த்தார்கள். இசக்கிப்பாண்டி கையைப் பின்னால் கட்டிக்கொண்டான்.

“அப்ப எப்படி அண்ணாச்சி தொறக்க?”

திருமேனி டப்பாவை நாலு பக்கமும் திருப்பினார். “வாய்லதானல ஸ்டிக்கர் ஒட்டியிருக்கான். அடியைப் பத்தி ஒண்ணும் சொல்லலையே.”

பிளேடால் டப்பாவின் அடியை அறுத்தார்கள். முத்திரைக்கு ஒரு கீறல் இல்லை. டிஸ்க் மட்டும் மேசையிலிருந்து வழுக்கித் தரையில் விழுந்தது.

“பதறாதீங்க. ஆறடி உயரத்துல இருந்து விழுந்தாலும் தாங்கும்னு போட்டிருக்கு” என்றார் பூவலிங்கம்.

“ஓய், மேசை ரெண்டரை அடிதானே இருக்கும்?” என்றார் திருமேனி. “ரெண்டரை அடி பத்தி என்ன போட்டிருக்கு?”

பூவலிங்கம் அட்டையை முன்னும் பின்னும் பார்த்தார். ரெண்டரை அடி பற்றி ஒரு வார்த்தை இல்லை. இசக்கிப்பாண்டி அளவு டேப்பை எடுத்துச் சுவரில் ஆறடிக்கு ஒரு கோடு போட்டான். அங்கிருந்து டிஸ்க்கை முறைப்படி இன்னொரு தடவை போட்டார்கள். அதன் பிறகுதான் மூவருக்கும் மூச்சு வந்தது.

அடுத்த வரியில்தான் சிக்கல். வாரண்டி விற்ற நாட்டில் மட்டுமே செல்லுபடியாகும் என்றிருந்தது.

திருமேனி அட்டையை வாங்கித் திருப்பிப் பார்த்துவிட்டுக் கீழே வைத்தார்.

“அப்ப சிங்கப்பூர்ல கெட்டுப்போனா உண்டு, பனைவிளைல கெட்டுப்போனா இல்ல” என்றார் திருமேனி. “வாரண்டியைப் பாத்துக்கிடணும்னு ஞானதிரவியம் தலைபாடா அடிச்சிக்கிட்டாரே.”

“கம்ப்யூட்டர்ல எந்த நாடுன்னு ஒரு இடத்துல கேக்கும்லா” என்றார் பூவலிங்கம். “அதைச் சிங்கப்பூர்னு மாத்திருதேன்.”

மாற்றினார். மாற்றிய கையோடு கம்ப்யூட்டர் கடிகாரம் இரண்டரை மணி நேரம் முன்னால் குதித்தது.

இசக்கிப்பாண்டி சுவரில் இருந்த கடிகாரத்தைக் காட்டினான். “அது சிங்கப்பூர்ல இருக்கு, இது பனைவிளைல இருக்கு. நாளைக்கு வந்து பாக்குதவன் எதை நம்புவான்?”

சுவர்க் கடிகாரத்தையும் திருப்பினார்கள். கடிகாரம் ஒரு நேரம் சொல்ல, கடைக்காரர்கள் வேறு நேரத்துக்கு வந்துபோனால் மோசடி ஆகிவிடுமே என்று திருமேனி பயந்தார். அதனால் மறுநாள் முதல் கடையைக் காலை ஆறரைக்குத் திறந்தார்கள். பத்தரைக்கு மதியச் சாப்பாட்டுக்குப் போனார்கள். சாயங்காலம் ஐந்தரைக்கு ஷட்டரை இறக்கினார்கள். வேலை முடிந்து ஆறு மணிக்கு போட்டோ வாங்க வந்தவர்கள் பூட்டை ஆட்டிப் பார்த்துவிட்டுத் திட்டிக்கொண்டே போனார்கள். கடை வெளிநாட்டில் இருப்பது அவர்களுக்கு எப்படித் தெரியும்?

பத்தரை மணிக்குச் சோறு கேட்டு வந்து நின்ற அண்ணாச்சிக்கு அவர் மனைவி என்ன பதில் சொன்னாள் என்பது இங்கே வேண்டாம்.

எல்லாம் சரியான பிறகு பூவலிங்கம் அட்டையின் கடைசி வரியைப் படித்தார். டிஸ்க்கில் எழுத எழுத அதன் ஆயுள் குறையும். அறுநூறு டெராபைட் வரைதான் உத்தரவாதம். ஆயிரம் கல்யாணத்துக்குக் காணும் அளவு அது என்று அட்டையில் போட்டிருக்கவில்லை.

“அறுநூறுன்னா நெறையவா?” என்றான் இசக்கிப்பாண்டி.

“அது எதுன்னு பாக்கணும்லா” என்றார் திருமேனி. “அறுநூறு ஏக்கர்னா நெறைய. அறுநூறு முறுக்குன்னா ஒரு கல்யாணத்துக்குக் காணாது.”

“நம்மகிட்ட இருக்கதும் கல்யாணம்தானே” என்றார் பூவலிங்கம்.

மூவரும் கூடி முடிவெடுத்தார்கள். பதினோரு மணி நேரப் படத்தையும் அப்படியே எழுதுவது ஊதாரித்தனம். தேவையில்லாததைக் கழித்துவிட்டு மீதியை எழுதலாம். எது தேவையில்லை என்று தெரிய வேண்டுமானால் முழுசையும் பார்க்க வேண்டும். பழைய டிஸ்க்கை ஆன் பண்ணினார்கள்.

அப்போது பூவலிங்கத்துக்கு அந்தச் சந்தேகம் வந்தது. பத்து மணி நேரம் தாங்கும் டிஸ்க்கில் பதினோரு மணி நேரம் பார்க்கலாமா? சொல்லலாமா என்று வாயெடுத்தார். திரையில் செண்பகம் பச்சைப் புடவையில் வந்து அவர் காலில் விழுந்தாள். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டதில் சந்தேகமும் போய்விட்டது.

இரண்டு நாள் பார்த்தார்கள். பந்தக்கால் நட்டதைக் கழிக்கத் திருமேனிக்கு மனம் வரவில்லை, அது நல்ல கோணம். மாப்பிள்ளை அழைப்பைக் கழித்தால் உலகம்மாள் உயிரோடு விடமாட்டாள். பந்தியில் ரசம் ஊற்றுவதை மட்டும் கழிக்கலாம் என்று ஒருமனதாக முடிவுக்கு வந்தபோது, ரசவாளிக்குப் பின்னால் விளக்கோடு தான் நிற்பது தெரிகிறதே என்று இசக்கிப்பாண்டி இன்னொரு முறை போடச் சொன்னான். பின்னால் ஓட்டினார்கள். டிஸ்க் நாலு தடவை கொத்தியது. பிறகு கொத்தவில்லை.

ஞானதிரவியம் வந்து பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

“சும்மா சும்மா ஆன் பண்ணாதீங்கன்னு சொன்னேன்லா?”

“சும்மா ஒண்ணும் பண்ணல” என்றார் திருமேனி. “காரியமாத்தான் பண்ணினோம்.”

ஞானதிரவியம் கூலிகூட வாங்காமல் போனார். அவர் வாங்காமல் போனது அதுதான் முதல் தடவை.

பூவலிங்கம் அன்று முழுக்க நகத்தைக் கடித்தார். மகளுக்கு என்ன சொல்வது? சம்பந்தியம்மாளுக்கு என்ன சொல்வது? பொய் சொல்ல அவருக்குத் தெரியாது. அதற்கும் கொஞ்சம் மூளை வேண்டியிருக்கிறது. புது டிஸ்க்கை டப்பாவுக்குள் வைத்து, அடியை ஒட்டி, மஞ்சள் பையில் போட்டுக்கொண்டு கோவில்பட்டிக்கு பஸ் ஏறினார்.

“படம் போச்சு சம்பந்தி” என்று டப்பாவை நீட்டினார். “இது இருக்கு.”

செண்பகம் சமையல்கட்டு வாசலில் நின்று அப்பாவையே பார்த்தாள்.

உலகம்மாள் டப்பாவைத் திருப்பிப் பார்த்தாள். “இதுல என்ன இருக்கு?”

“ஒண்ணும் இல்ல. ஆனா அஞ்சு வருஷ வாரண்டி இருக்கு. முத்திரை கிழியல.”

“அஞ்சா? மிக்ஸிக்கே ரெண்டுதானே குடுத்தான். படம் இருந்திருந்தா அதுக்கு எத்தனை வருஷம்?”

“படத்துக்கு வாரண்டி எப்பவுமே கிடையாது சம்பந்தி.”

“அப்ப இதுதான் விசேஷம்” என்றாள் உலகம்மாள். இத்தனை மாதமாக அவள் கவலை படம் அல்ல, தங்களை ஏமாற்றிவிட்டார்கள் என்று ஊர் பேசுமோ என்பதுதான். படம் என்றால் உட்கார்ந்து பார்க்க வேண்டும். டப்பாவைக் காட்டினால் போதும். “இந்த ஊர்ல செல்லும்லா?”

பூவலிங்கம் சிங்கப்பூர் விஷயத்தை விளக்கினார். உலகம்மாள் ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறி, கூடத்துக் கடிகாரத்தை இரண்டரை மணி நேரம் முன்னால் திருப்பினாள்.

அடுத்த மாதம் செண்பகத்துக்கு வளைகாப்பு. நல்ல நேரம் ஒன்பது. இரு வீட்டாரும் சிங்கப்பூர் ஒன்பதுக்குக் கூடத்தில் உட்கார்ந்துவிட்டார்கள். வெளியே அப்போதுதான் பால்காரர் போய்க்கொண்டிருந்தார். வளையல்காரர் மட்டும் இரண்டரை மணி நேரம் பிந்தி வந்தார். “இந்த ஊர்ல ஒருத்தனுக்கும் நேரங்காலம் தெரியல” என்று உலகம்மாள் அவரை வாசலிலேயே நிற்க வைத்துத் திட்டினாள்.

செண்பகம் அப்பாவைத் தனியே கூப்பிட்டாள். “அப்பா, இந்தப் படமாவது எனக்குக் கெடைக்குமா?”

“உசுரக் குடுத்தாவது தாரேம்மா” என்றார் பூவலிங்கம். நேராகத் திருமேனியிடம் போனார். அண்ணாச்சி காலையிலிருந்து காமிராவைத் தோளைவிட்டு இறக்கவில்லை. முழங்காலிட்டு, நாற்காலியில் ஏறி, சன்னலுக்கு வெளியே நின்று, ஒரு கோணம் விடாமல் பிடித்துக்கொண்டிருந்தார். இசக்கிப்பாண்டி விளக்கோடு பின்னாலேயே ஓடினான்.

“எல்லாம் பதிவாகுதா அண்ணாச்சி?”

திருமேனி ஒரு கண்ணை மட்டும் திறந்து பார்த்தார்.

“என்ன வே பேசுதீரு? காமிராவுக்கு வாரண்டி போன மாசமே முடிஞ்சிட்டு. ஆன் பண்ணி ஏதாவது ஆச்சுன்னா யாரு பொறுப்பு?”

பூவலிங்கம் யோசித்துப் பார்த்தார். எந்தப் பக்கம் திருப்பினாலும் சரியாகத்தான் இருந்தது. தாங்கள் மடையர்கள் இல்லை என்பது அன்றைக்குத்தான் அவருக்குச் சந்தேகமில்லாமல் விளங்கியது. மகளிடம் திரும்பிப் போய், முகத்தைக் கொஞ்சம் காமிரா பக்கம் திருப்பிச் சிரிக்கச் சொன்னார்.