இடிமுழக்கம் ஆடத் தொடங்கிய கதை

போத்தனூரில் 'இடிமுழக்கம்' என்று ஒரு ராக் இசைக்குழு உண்டு. மொத்தம் மூன்று பேர். மூவருக்கும் சேர்த்து ஒரே மூளைதான் என்று ஊரில் பேசிக்கொள்வார்கள். நான் அப்படிச் சொல்ல மாட்டேன். அந்த ஒன்று இருந்ததற்கே எனக்கு இன்னும் ஆதாரம் கிடைக்கவில்லை.

பாடுவது லூர்துராஜ். கிதார் சென்னியப்பன். டிரம்ஸ் குமரேசன். பதினெட்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு ஆல்பம் போட்டார்கள். காது கிழிய ஒரே கத்தல். அன்றிலிருந்து, அடுத்த ஆல்பத்தின் அட்டைக்கு எந்த நிறச் சட்டை போடுவது என்று விவாதித்துக்கொண்டிருந்தார்கள். இந்தக் குழுவில் கை தூக்கி ஓட்டெடுக்காமல் எதையும் செய்வதில்லை. ஓட்டெடுத்த பிறகு இம்மி பிசகுவதும் இல்லை.

இப்போது விஷயம் அவசரமாகிவிட்டது. குமரேசனின் மாமனார் பொங்கியண்ணன் தாராபுரத்தில் அரிசி ஆலை வைத்திருக்கிறார்.

"ஞாயித்துக்கெழம பத்து மணிக்குக் காரோட வருவேன் மாப்ள. ஆல்பம் முடிஞ்சிருந்தா வாழ்த்திட்டுப் போறேன். இல்லீன்னா நீங்க என்கூட வந்து ஆலையில தவிடு அள்ளோணும்," என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். குமரேசனுக்குத் தவிட்டைப் பார்த்தாலே தும்மல் வரும். பாவம், மனுஷன் அழுதே விட்டார்.

ஆல்பத்தை வெளியிட முன்வந்தவர் சென்னையிலிருந்து வந்த ஷெரின். கெட்டிக்காரப் பெண். அவர் செய்த ஒரே தப்பு, இவர்களிடம் யோசனை சொன்னது.

"அண்ணா, கத்துனது போதும். இப்ப எல்லாரும் ஆடுறதுக்குத்தான் பாட்டு கேக்குறாங்க. கேட்டதும் கால் ஆடணும். கால் ஆடலன்னா அந்தப் பாட்டே வேணாம், அழிச்சிடுங்க." இப்படிச் சொல்லி, ஞாயிறு காலையில் வருவதாகக் கூறிவிட்டுப் போனார்.

சனிக்கிழமைக்குள் ஒன்பது பாட்டு பதிவாகிவிட்டது. உண்மையைச் சொன்னால், அதில் எட்டு பிரமாதம். நல்ல துள்ளல். ஒன்பதாவது, லூர்துராஜ் தன் செத்துப்போன கோழிக்காகப் பாடிய ஒப்பாரி.

"இப்ப யார் காலை வெச்சுப் பாக்கறது?" என்றார் சென்னியப்பன்.

"நம்ம காலு ஆவாது. நம்ம பாட்டுக்கு நம்ம காலு ஆடாம என்ன பண்ணும்? ஓரவஞ்சனை ஆயிரும்," என்றார் லூர்துராஜ்.

"சும்மாவே காலாட்டற ஆளும் ஆவாது," என்றார் குமரேசன்.

"அப்ப, ஆடவே ஆடாத காலுதான் நாயமான காலு," என்று முடித்தார் சென்னியப்பன்.

மூன்று கைகள் உயர்ந்தன. பக்கத்து வீட்டில், ரயில்வே கார்டாக இருந்து ஓய்வுபெற்ற பெரைரா, மாடிப்படியில் விழுந்து, தொடையிலிருந்து பாதம் வரை மாவுக்கட்டோடு படுத்திருந்தார். அதைவிட நேர்மையான கால் போத்தனூரில் கிடைக்காது.

பெரைரா முதல் பாட்டுக்கே தலையாட்டினார். இரண்டாவதுக்குக் கை தட்டினார். மூன்றாவதுக்கு விசிலடித்தார்.

"சார், நீங்க ஆடாதீங்க. காலை ஆட விடுங்க," என்று சென்னியப்பன் பணிவாகக் கேட்டுக்கொண்டார்.

எட்டு பாட்டு முடிந்தும் கட்டுப் போட்ட கால் அசையவில்லை. ஒவ்வொன்றாக அழித்தார்கள். குமரேசன் விம்மிக்கொண்டே பொத்தானை அழுத்தினார். சொல்லும்போதே எனக்கு வயிறு எரிகிறது.

ஒன்பதாவதாகக் கோழி ஒப்பாரி. அந்த நேரம் பார்த்துக் கட்டுக்குள் ஒரு கட்டெறும்பு புகுந்துவிட்டது. பெரைராவின் கால் கட்டிலோடு எகிறியது.

"ஆடுது! ஆடுது!" என்று மூவரும் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். பெரைராவின் அலறலையும் பாராட்டு என்றே எடுத்துக்கொண்டார்கள்.

ஞாயிறு எட்டு மணிக்கு ஷெரின் வந்து ஒப்பாரியைக் கேட்டார். மற்ற எட்டையும் அழித்த கதையையும் கேட்டார். பிறகு மனசைத் தேற்றிக்கொண்டு எழுந்தார்.

"சரி, இதையே வேகமா, ஆடுற மாதிரி எடுப்போம். கம்ப்யூட்டர்ல டிக் டிக்னு ஒரு சத்தம் வரும். ஒவ்வொரு அடியும் அதுமேல விழணும். டிக் இல்லாம யாரும் அசையக் கூடாது."

மூன்று கைகள் உயர்ந்தன. பாட்டு நன்றாகத்தான் போனது. பாதியில் கரண்ட் போனது. டிக் நின்றது.

குமரேசனின் இரண்டு குச்சிகளும் தலைக்கு மேலே நின்றன. சென்னியப்பன் ஒற்றைக் காலில் நின்றார். லூர்துராஜின் வாய் திறந்தபடி இருந்தது.

"அண்ணா, கரண்ட் போயிடுச்சு. கையக் கீழ போடுங்க."

"டிக் வரலீங்க," என்றார் குமரேசன், உதடு அசையாமல்.

பத்து மணிக்குப் பொங்கியண்ணன் வந்தார். ஆல்பம் முடியவில்லை, பேச்சுக்கே இடமில்லை. மருமகனை அப்படியே குச்சியோடு தூக்கிக் காரின் முன்சீட்டில் வைத்தார்.

"எங்களையும் தூக்குங்க, பாட்டு பாதியில நிக்குது," என்றார் சென்னியப்பன். அவர்களையும் கிதாரோடு தூக்கிப் பின்சீட்டில் அடுக்கினார். அரிசி மூட்டை தூக்கிப் பழகின உடம்பு. என்ன செய்வதென்று தெரியாமல் ஷெரினும் ஏறிக்கொண்டார்.

தெருமுனையில் ரவுண்டானா. பொங்கியண்ணன் வலப்பக்க இண்டிகேட்டரைப் போட்டார். டிக், டிக், டிக்.

குமரேசனின் குச்சிகள் டேஷ்போர்டில் இறங்கின. கிதார் துள்ளியது. லூர்துராஜ் விட்ட இடத்திலிருந்து கோழியைப் பாடினார். ஷெரின் பதறிப்போய்ச் செல்போனில் பதிவு செய்தார்.

"மாமா, இண்டிகேட்டர நிறுத்தீராதீங்க!"

"போட்டா திரும்பியே ஆகோணும் மாப்ள. நாப்பது வருசமா நான் அதுல தப்புனதில்ல."

அதனால் கார் ரவுண்டானாவை வலமாகவே சுற்றியது. ஏழாவது சுற்றில் பாட்டு முடிந்தது. பஸ்ஸுக்குக் காத்திருந்த கூட்டம் பஸ்ஸை விட்டுவிட்டு ஆடிக்கொண்டிருந்தது. ஷெரினுக்குக் கண் கலங்கிவிட்டது. "அருமைண்ணா! ஆனா ஆல்பத்துக்கு ஒரு பாட்டு பத்தாதே," என்றார்.

பொங்கியண்ணன் தொண்டையைச் செருமினார். "இடப்பக்கத்து இண்டிகேட்டர் சும்மாத்தானுங்க இருக்குது."

இரண்டாவது பாட்டுக்குக் கார் இடமாகச் சுற்றியது. எதிரே வந்த வண்டிகள் எல்லாம் ஹாரன் அடித்தன. போக்குவரத்துப் போலீஸ்காரர் விசிலடித்துக்கொண்டே கூட ஓடினார். எல்லாம் பாட்டில் நன்றாகவே சேர்ந்தது.

மூன்றாவது பாட்டுக்கு நாலு இண்டிகேட்டர் விளக்கையும் சேர்த்துப் போட்டார்கள். அங்கேதான் சிக்கல்.

"நாலும் எரிஞ்சா எந்தப் பக்கம் திரும்பறது?" என்றார் லூர்துராஜ். நடு ரோட்டில் காரை நிறுத்தி ஓட்டெடுத்தார்கள். மாமனாரையும் சேர்த்து இப்போது நாலு ஓட்டு; ஷெரின் இரண்டு கையாலும் செல்போனைப் பிடித்திருந்ததால் கை தூக்க முடியவில்லை. வலத்துக்கு இரண்டு, இடத்துக்கு இரண்டு. வேறு வழியில்லாமல், மூச்சு வாங்க வந்து நின்ற போலீஸ்காரரை ஐந்தாவது ஓட்டுப் போடச் சொன்னார்கள்.

"நாலு லைட்டும் போட்டா நேராப் போகணும்யா!" என்று கத்தினார் அவர். "நேராப் போய்த் தொலைங்க!"

நேரே இருந்தது ரவுண்டானாவின் நடுவிலுள்ள நீரூற்று. போலீஸ்காரரே சொல்லிவிட்ட பிறகு மறுபேச்சு ஏது? போனார்கள்.

தொட்டிக்குள் முன்சக்கரம் இறங்கியதும் கார் அணைந்தது. கண்ணாடி மேல் தண்ணீர் அருவியாகக் கொட்டியது. பொங்கியண்ணன் பதறாமல் வைப்பரைப் போட்டார். சரக், சரக், சரக்.

"குச்சிய எடுங்க மாப்ள," என்றார். "நாலாவது பாட்டு."