முந்நூறு உறவினர் கொண்ட அம்பலவாணர்

ஏரிகளுக்குப் பஞ்சமில்லாத செங்கரை நாட்டை முன்பு மாறவேள் என்றொரு ராஜா ஆண்டு வந்தார். நல்லவர்தான். ஆனால் காலையில் யானைக்குப் பட்டம் கட்டுவார். மாலையில் அது தும்மிவிட்டதென்று பட்டத்தைப் பறிப்பார். அவர் ஆடும் ஆட்டத்துக்கெல்லாம் தலையாட்டாத ஒரே ஆள் மந்திரி திருமலைக்கொழுந்து.

மந்திரி ஒரு சட்டம் போட்டிருந்தார். பலரிடம் பணம் திரட்டி, நிலத்தை ஈடாகப் பிடித்துக்கொண்டு கடன் கொடுப்பவர், பணம் போட்ட ஒவ்வொருவரையும் அந்த நிலத்துக்கே கூட்டிப்போய் நான்கு எல்லையையும் காட்ட வேண்டும். உறவுக்காரர்களுக்குள் நடக்கும் கொடுக்கல் வாங்கலுக்கு மட்டும் விலக்கு. அண்ணன் தம்பிக்கு நடுவே அரசாங்கம் எதற்கு என்று விட்டிருந்தார்.

அந்த இடைவெளியில்தான் களஞ்சியத் தலைவர் அம்பலவாணர் புகுந்தார். மந்திரியின் முத்திரை மோதிரத்தின் மேல் அவருக்கு வெகுநாளாகக் கண். கடைவீதி கட்டும் வியாபாரிகளுக்கு நிலத்தின் பேரில் கடன் கொடுப்பதாகவும், பணம் போட்டால் ஊரில் கிடைப்பதைவிட இரண்டு பங்கு வட்டி என்றும் சொன்னார். பணத்தோடு வந்தவர் வாயில் முதலில் ஒரு கை சர்க்கரைப் பொங்கலை ஊட்டினார். "என் வீட்டில் சாப்பிட்டவர் என் உறவு. உறவுக்குள் எல்லை எதற்கு?" என்றார். முந்நூறு பேர் சாப்பிட்டார்கள். ராஜாவும் அந்தப்புரத்துக்குத் தெரியாமல் ஒரு பணப்பை கொடுத்துவிட்டு இரண்டு கை சாப்பிட்டார்.

எண்ணெய்க்காரி செண்பகவல்லி செக்கு மாட்டை விற்றுப் பணம் போட்டிருந்தாள். இரண்டு மாதம் வட்டி வந்தது, பிறகு நின்றது. நிலம் எங்கே என்று கேட்டாள். உறவுக்காரி கேட்கும் கேள்வியா இது என்று அம்பலவாணர் மனம் நொந்துகொண்டார். அவள் நேரே மந்திரியிடம் வந்தாள். "மாடு இல்லாமல் நானே செக்கைச் சுற்றுகிறேன், ஐயா" என்றாள்.

மந்திரி சபையில் விஷயத்தை எடுத்ததும் ராஜாவுக்கு எரிச்சல் வந்தது. தன் பையும் அதில் இருக்கிறதே.

"அவர் கொடுத்த பொங்கலில் முந்திரி எவ்வளவு தெரியுமா உமக்கு?" என்று கேட்டார். "அப்படிப்பட்டவரையா சந்தேகப்படுகிறீர்?"

"மந்திரியாரை நான் சாப்பிடக் கூப்பிடவில்லை, மகாராஜா. அந்த வருத்தம்" என்றார் அம்பலவாணர். சபை சிரித்தது.

பௌர்ணமிக்குள் குற்றத்தை நிரூபிக்க வேண்டும், இல்லாவிட்டால் மோதிரம் அம்பலவாணர் விரலுக்குப் போகும் என்று ராஜா தீர்ப்புச் சொன்னார். களஞ்சியத் தலைவர் வீட்டைச் சோதனை போடவும் கூடாதாம்.

மந்திரி அசரவில்லை. "சோதனை வேண்டாம். அந்த முந்நூறு பேரும் தம் உறவுதான் என்று அவர் சபையறியச் சொல்லட்டும். நான் ஒப்புக்கொள்கிறேன்."

அம்பலவாணர் மார்பில் கை வைத்துச் சொன்னார். மந்திரி அதை அப்படியே ஊரெங்கும் தண்டோரா போடச் செய்தார். பிறகு செண்பகவல்லியைக் கூப்பிட்டு, உறவு வீட்டுக்குப் போகக் கூச்சப்படாதே, மற்றவர்களுக்கும் சொல் என்றார்.

மறுநாள் அம்பலவாணர் வீட்டு வாசலில் மூட்டை முடிச்சோடு கூட்டம். கூரை ஒழுகுகிறது, மழை விடும்வரை இங்கேதான் என்று ஒரு குடும்பம் கூடத்தில் பாய் விரித்தது. "மாமா, பெண்ணுக்குக் காது குத்து. மடியில் வைத்துக்கொள்ள நீங்கள்தானே வர வேண்டும்?" என்று ஒருத்தி சீர்த்தட்டை நீட்டினாள். பந்தி ஓயவில்லை, அடுப்பும் அணையவில்லை. யாரோ ஒரு கிழவர், ரசத்தில் உப்புக் குறைவு என்று மருமகளைக் கடிந்துகொண்டார். அவள் யார் மருமகள் என்று யாருக்கும் தெரியவில்லை.

அதையும் பல்லைக் கடித்துப் பொறுத்துக்கொண்டு சபைக்குப் புறப்பட்டார் அம்பலவாணர். சபை வாசலிலேயே காவலன் மறித்தான்.

"மன்னிக்க வேண்டும், ஐயா. உங்கள் பங்காளி, வளையல் வியாபாரி, நேற்றுக் காலமானார். உங்களுக்குத் தீட்டு."

அந்தத் தீட்டு கழிந்தபோது தறிக்காரர் ஒருவர் இறந்துபோனார். அவரும் பங்காளி. கோயிலுக்குப் போக முடியவில்லை, களஞ்சியச் சாவியைத் தொட முடியவில்லை. முந்நூறு குடும்பம் என்றால் எங்காவது ஒரு சாவு விழாமலா இருக்கும்? பௌர்ணமிக்கு முந்தின நாள் மீசையை மழிக்க நாவிதரே வீட்டுக்கு வந்துவிட்டார். அம்பலவாணர் தெருவில் இறங்கி ஓடினார். காவலனைத் தள்ளிக்கொண்டு சபைக்குள் விழுந்தார்.

"அவர்கள் யாரும் எனக்கு உறவில்லை, மகாராஜா. வழியில் போனவர்கள். பணம் போட்டார்கள், அவ்வளவுதான்."

"அவ்வளவுதான் எனக்கும் வேண்டியது" என்று மந்திரி எழுந்தார். "உறவில்லை என்றால் விலக்கும் இல்லை. வாருங்கள், எல்லையைக் காட்டுங்கள்."

ராஜா யானையில், ஊரார் நடையில், எல்லாரும் போனார்கள். அம்பலவாணர் சுற்றிச் சுற்றிக் கூட்டிப்போய்க் கடைசியில் பெரிய ஏரிக்கரையில் நின்றார். கோடையில் ஏரி வற்றிக் கிடந்தபோது அந்தத் தரையைத்தான் நிலம் என்று சொல்லியிருக்கிறார். இப்போது கரை தளும்பத் தண்ணீர்.

"கிழக்கெல்லை எது?" என்று மந்திரி கேட்டார்.

அம்பலவாணரின் விரல் எழுந்த திசையில் ஒரு நீர்க்கோழி முங்கியது.

"என் பையும் அதோடுதான் முங்கியதா?" என்றார் ராஜா.

கடன் வாங்கிய வியாபாரி என்று ஒருவனும் இல்லை. பணமெல்லாம் அம்பலவாணர் மாளிகையில் இரண்டாம் மாடியாக நின்றது. மாளிகையும் தோப்பும் ஏலம் போயின; ஊராருக்குப் போட்ட பணம் திரும்பியது, செண்பகவல்லிக்குச் செக்கு மாடு வந்தது. இனி நாட்டில் எந்த நிலம் ஈடு வைக்கப்பட்டாலும், வெயிலில் முன்னால் நடந்து எல்லை காட்டும் வேலை அம்பலவாணருக்கு என்றார் ராஜா.

மந்திரிக்கு என்ன பரிசு வேண்டும் என்று கேட்டார். சட்டத்தில் இனி உறவுக்கும் விலக்கு வேண்டாம், ராஜாவுக்கும் வேண்டாம் என்றார் மந்திரி. அன்று ராஜாவின் மனநிலை நன்றாக இருந்தது. சம்மதித்துவிட்டார்.

அடுத்த வருஷம் ராஜாவுக்கு நீராழி மண்டபம் கட்ட ஆசை வந்தது. மாந்தோட்டத்தை ஈடு வைத்து ஊராரிடம் கடன் கேட்டார். முதல் ஆளாகச் செண்பகவல்லி பணத்தோடு வந்தாள். எல்லையைக் காட்டச் சொன்னாள். உச்சி வெயிலில் அம்பலவாணர் முன்னே நடக்க, ராஜா நான்கு மூலைக்கும் நடந்தார். காலில் முள் தைத்தது.

"இப்போதாவது என்மேல் நம்பிக்கை வந்ததா?" என்று கேட்டார் ராஜா.

"நம்பிக்கை முன்னமே இருந்தது, மகாராஜா" என்று பணத்தை எடுத்து வைத்தாள். "தோட்டம் இருக்கிறதா என்றுதான் பார்த்தேன்."