தேரிக்கும் குளத்துக்கும் ஒரு துப்பாக்கி

சவரிமுத்து ஆசானிடம் துப்பாக்கி பழகியவர்களில் நயினாருக்குத்தான் வயது அதிகம். ஐம்பத்திரண்டு. ஆசானுக்கு முப்பத்தெட்டு. அதனால் ஆசான் அவரை அண்ணாச்சி என்பார். நயினார் இவரை ஆசானே என்பார். ஊரில் சில பேர் இதைச் சொல்லிச் சிரிப்பார்கள். இருவரும் கண்டுகொள்வதில்லை.

எட்டு மாதமாக வராத நயினார் ஒரு காலையில், செம்மணல் தேரியோரத்தில் இருந்த ஆசானின் குடிசைக்கு வந்தார். தோளில் இரண்டு துப்பாக்கி. கையில் கோணியில் சுற்றி இன்னொன்று.

“என்ன அண்ணாச்சி, கோட்டையப் பிடிக்கப் போறீயளா?”

“ஜமீன்ல தண்டோரா போட்டாச்சு ஆசானே. இனிமே வீட்டுக்கு ஒரு துப்பாக்கிதானாம். மிச்சத்தத் திங்கக்கிழமைக்குள்ள கச்சேரி ஆபீசுல கொண்டு போட்டுரணும்.”

“போட்டுருங்க.”

“எதப் போட, எத வச்சிக்கிட? அதக் கேக்கத்தான் வந்தேன். குளத்துல தாரா சுடணும். தேரியில கௌதாரி, காடை சுடணும். ரெண்டுக்கும் ஆவுற மாதிரி ஒண்ணு வேணும்.”

மூன்றையும் பாயில் வைத்தார்.

ஒன்று நெட்டை. குழலின் நுனி குறுகியது. தோட்டாவிலிருக்கும் ஈய ரவை சிதறாமல் தூரம் போகும். உயரப் பறக்கும் காட்டு வாத்தான தாராவுக்கானது. இன்னொன்று குட்டை. வாய் அகலம். ரவை விரிந்து விழும். காலடியிலிருந்து எழும்பும் காடைக்கானது. மூன்றாவது புதிது, இரட்டைக்குழல். தண்டோரா கேட்டதும் கடையில் காசு கொடுத்து வாங்கி வந்தது.

“கடைக்காரன் என்ன சொல்லுதான்?”

நயினார் கண்ணைச் சொருகிக்கொண்டு மூக்கால் பேசிக் காட்டினார். “‘மொதலாளி, இது ரெண்டு பொண்டாட்டி கட்டுனவன் மாதிரி. ஒரு குழல் விரியும், ஒரு குழல் குறுகும். குளத்துக்குப் போனா குளத்து மாப்ள, தேரிக்குப் போனா தேரி மாப்ள. ஒரு வீட்டுலயும் சண்ட வராது.’”

ஆசான் சிரித்தார். சிரித்து முடித்துவிட்டுக் கேட்டார். “உங்க வீட்டுல எப்படி?”

நயினார் துப்பாக்கிகளைப் பாயில் நேராக அடுக்கினார்.

ஆசானுக்குத் தெரியும். ஊருக்கே தெரியும். எட்டு மாதத்துக்கு முன் தேரியில் நயினார் சுட்டபோது அவர் மச்சினன் பலவேசத்துக்கு வலது கண் போயிற்று. புதரைக் கம்பால் தட்டி, பறவையை எழுப்பிக்கொண்டு எதிரே வந்தவன் அவன். அன்றிலிருந்து நயினாரின் மனைவி, பலவேசத்தின் அக்காள் செண்பகம் அவருக்குச் சோறு போடுகிறாள். குழம்பு ஊற்றுகிறாள். வாய் திறப்பதில்லை.

“அன்னைக்கு எது கையில இருந்துச்சு?”

“குட்டை. இந்தச் சனியன்தான்.” நயினார் அதை விரலால் தள்ளினார். “தவிட்ட வாரி எறிஞ்ச மாதிரி சிதறுது. நெட்டையா இருந்திருந்தா ரவை ஒண்ணா போயிருக்கும். பயலுக்கு ஒண்ணும் ஆயிருக்காது.”

“ம்.”

“நீங்க ஒரு வார்த்த சொல்லணும் ஆசானே. தப்பு குட்டை மேலன்னு. நான் சொன்னா அவ கேக்க மாட்டா. நீங்க சொன்னா கேப்பா. இன்னும் எத்தன நாளைக்கு நான் செவுத்தோட பேச?”

“துப்பாக்கியக் கேட்டுட்டுச் சொல்லுதேன்.”

ஆசான் ஒரு பழைய வேட்டியை நாலாகக் கிழித்தார். ஒரு துண்டில் அடுப்புக்கரியால் தாரா ஒன்று வரைந்து, இரண்டு பனைகளுக்கு நடுவே கட்டினார். நாற்பது தப்படி நடந்து வந்து குட்டையால் சுட்டார்.

போய்ப் பார்த்தார்கள். துணியெல்லாம் பொத்தல். தாராவின் மேல் மூன்றே மூன்று.

“இது உடனே சாவாது. ரவையச் சுமந்துக்கிட்டுப் பறந்து போயி, நாணலுக்குள்ள ரெண்டு நாள் கெடந்து சாவும்.”

அடுத்த துண்டில் கௌதாரி வரைந்தார். பதினைந்து தப்படியில் நின்று நெட்டையால் சுட்டார். கௌதாரி இருந்த இடத்தில் கைமுட்டி நுழையும் ஓட்டை.

“இத ஆய்ஞ்சு குழம்பு வைக்க முடியாது. எறும்புக்குத்தான் போடணும்.”

மிச்சமிருந்த இரண்டு துண்டிலும் அதே பறவைகளை வரைந்து இரட்டைக்குழலைச் சோதித்தார். கிட்டத்தில் விரிந்த குழல், தூரத்தில் குறுகிய குழல். இரண்டு பறவையும் தரையில் விழுந்திருக்கும். அடையாளம் தெரியும்படி விழுந்திருக்கும்.

நயினாரின் முகத்தில் எட்டு மாதத்துக்குப் பிறகு வெளிச்சம் வந்தது. “அப்ப இதுதான். நான் வீட்டுக்குப் போயி அவகிட்ட...”

“துணி சொல்லிட்டுது அண்ணாச்சி. இன்னொரு சாட்சி பாக்கி கெடக்கு.”

ஆசான் மடியிலிருந்து ஒரு வெற்றிலையை எடுத்து நீட்டினார்.

அந்தப் பக்கத்து வேட்டைக்காரர்களிடம் அப்படி ஒரு முறை உண்டு. சுடுகிறவன் வெற்றிலை கொடுப்பான். வாங்கிக்கொண்டவன் கம்பெடுத்துப் பறவையை எழுப்பப் போவான். நயினார் முப்பது வருஷமாகக் கொடுத்திருக்கிறார். வாங்கியதில்லை.

“நானா?”

“அந்த உடைமரம் தெரியுதா? அங்க போயி, புதரத் தட்டிக்கிட்டே எங்கிட்ட வாங்க. விடாமச் சத்தங் கொடுக்கணும். ஆள் எங்க இருக்குன்னு தெரியணும்ல.”

நயினார் வெற்றிலையை வாங்கினார். மெல்லவில்லை. இடுப்பில் செருகிக்கொண்டு செம்மணலில் நடந்தார். உடைமரத்தடியில் திரும்பி, “ஹோய்... ஹோய்” என்று குரல் கொடுத்தார். அது அவர் குரல் மாதிரி இல்லை. பலவேசம் கத்துவது மாதிரி இருந்தது.

பாதி தூரம் வந்திருப்பார். இரண்டு காடை காலடியில் வெடித்துக் கிளம்பின. மேலே போகவில்லை. இடுப்புயரத்தில், பக்கவாட்டில் பறந்தன. எதிரே ஆசானின் துப்பாக்கி எழுந்தது. காடையோடு நகர்ந்தது. நயினாரின் தோளைத் தாண்டிக் கழுத்துக்கு வந்தது. அங்கே நின்றது.

நயினார் குப்புற விழுந்தார்.

வெடிக்கவில்லை. வெகுநேரம் வெடிக்கவில்லை. வாய்க்குள் மணல். காலுக்கிடையில் வேட்டி நனைந்துவிட்டது. அவர் எழுந்திருக்கவில்லை. ஆசானே வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். துப்பாக்கியைத் தம் முதுகுப்பக்கம் வைத்துக்கொண்டார்.

“இப்பச் சொல்லுங்க. நான் நீட்டுனது எந்தத் துப்பாக்கி?”

“என்ன கேக்கீய?”

“நெட்டையா, குட்டையா, புதுசா?”

நயினார் யோசித்தார். மணலைத் துப்பினார். மறுபடியும் யோசித்தார்.

“பாக்கல ஆசானே. ஓட்டைதான் தெரிஞ்சுது.”

“ஒத்த ஓட்டையா, ரெட்ட ஓட்டையா?”

“ஓட்டை.”

ஆசான் முதுகுப்பக்கமிருந்து எடுத்துப் பிரித்துக் காட்டினார். நெட்டை. உள்ளே தோட்டா இல்லை.

ஒரு பருந்து தேரிக்கு மேல் வட்டம் போட்டுக்கொண்டிருந்தது. இருவரும் அதைப் பார்த்தார்கள்.

“அண்ணாச்சி, அன்னைக்குப் பலவேசம் சத்தங் கொடுத்தானா?”

“கொடுத்தான்.”

“கேட்டுச்சா?”

நயினார் இடுப்பிலிருந்த வெற்றிலையை எடுத்தார். அது நசுங்கியிருந்தது. அதை மணலில் வைத்து, மணலை அள்ளி மேலே போட்டார்.

“கேட்டுச்சு. அந்தப் புதருக்குப் பின்னாலதான் வாரான்னும் தெரியும். ஒரு நிமிஷம் பொறுத்திருந்தா தாண்டியிருப்பான்.” மணலைத் தட்டி மட்டப்படுத்தினார். “காடை அம்புட்டு அழகா எழும்புச்சு ஆசானே. விட மனசு வரல.”



வெயில் ஏறியது. வேட்டி காய்ந்ததும் நயினார் எழுந்தார். குடிசைக்கு வந்து மூன்று துப்பாக்கியையும் ஒரே கோணியில் வைத்துக் கட்டினார். முடிச்சு போட வரவில்லை. ஆசான் போட்டுக் கொடுத்தார்.

“நாலு நாள்தான் கெடக்கு. எத வச்சிக்கிடன்னு நீங்க சொல்லவே இல்லையே.”

“நான் யாரு சொல்ல? நேரா மச்சினன் வீட்டுக்குப் போங்க. மூணையும் அவன் முன்னால எடுத்து வைங்க. எதுக்கு எதிர்ல கம்பெடுத்து வாரேன்னு அவன் சொல்லுதானோ, அத வச்சிக்கிடுங்க.”

நயினார் கோணியைத் தூக்கித் தோளில் வைத்தார். வாசல்வரை போய் நின்றார்.

“அவன் எதுக்கும் வர மாட்டேன்னுட்டா?”

“மூணு துப்பாக்கி கனம் அண்ணாச்சி. திங்கக்கிழமை கச்சேரிக்குத் தூக்கிக்கிட்டுப் போக ஆள் வேணும்னா சொல்லி அனுப்புங்க. நான் வாரேன்.”